உப்பல் பக்கம் இரண்டு மாதம்: தெரியுமா?

ஹைதராபாத் மெட்ரோவின் நீல வழித்தடத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, தெரியுமா? என்.ஜி.ஆர்.ஐ.! 1961இல் தொடங்கிய தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் அது. உப்பல் நோக்கிப் போகும்போது அதற்கு முந்தைய ஸ்டேஷன் ஹப்சிகூடா. அங்கே உயிரணுக்களை ஆராயும் சி.சி.எம்.பி.! அதற்கும் முன்னால் தார்நாகாவில் வேதியியலுக்கு ஐ.ஐ.சி.டி.! உப்பலுக்கே போய்விட்டால் டி.என்.ஏ. ரேகைக்கு சி.டி.எஃப்.டி., நில அளவைக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் பயிற்சி நிறுவனம்! ஒரே சாலையில் இத்தனை வாசல்கள் திறந்திருக்கும்போது, கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மாத ஆய்வுக்கூடப் பயிற்சிக்குப் போகாமல் கோடை விடுமுறையை வீட்டிலேயே கழிக்கலாமா?

ஸ்ரீபெரும்புதூரில் 1991இல் நடந்த ராஜீவ் காந்தி படுகொலை வழக்கின் டி.என்.ஏ. சோதனையைச் செய்தது விஞ்ஞானி லால்ஜி சிங்கின் சி.சி.எம்.பி. குழுதான், தெரியுமா? அந்தத் துறையில் பயிற்சிக்கு நுழையும் மாணவி முதலில் பழகுவது, துளித் திரவத்தை அளந்து எடுக்கும் பைப்பெட்டைப் பிடிக்க. ஒரு மைக்ரோலிட்டர், அதாவது லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! டி.என்.ஏ.வைப் பிரித்துக் காட்டும் ஜெல்லின் குழிக்குள் முனை குத்தாமல் அதை இறக்க வேண்டும். கை நடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்தும் அலுக்கவில்லையா, இது அவளுக்கான துறை. அலுத்துவிட்டதா, அதுவும் பெரிய லாபம்! ஐந்து வருட பிஎச்.டி.யில் தெரிய வேண்டியது இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டதே!

நிலநடுக்கப் பதிவில் முதலில் வரும் பி அலைக்கும் பின்னால் வரும் எஸ் அலைக்கும் இடையே எத்தனை நொடி என்று பார்த்து, நொடிக்குச் சுமார் 8 கி.மீ. என்று பெருக்கினால், நிலம் அதிர்ந்த இடம் எவ்வளவு தூரம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம், தெரியுமா? புவி இயற்பியல் பயிற்சிக்குப் போனால் இதைத் தன் கண்ணாலேயே பார்த்துக் குறிக்கலாம்!

பயிற்சியில்தான் எத்தனை வகை! எம்.பி.பி.எஸ். படித்தவர் ஒரு வருடம் வார்டு வார்டாகச் சுற்றினால்தான் டாக்டர். சி.ஏ.வுக்கு ஆர்ட்டிகிள்ஷிப். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு அப்ரண்டிஸ் பயிற்சி; அதற்கான சட்டமும் என்.ஜி.ஆர்.ஐ. போல 1961தான்! கோவை பி.எஸ்.ஜி. டெக்கின் சாண்ட்விச் பி.இ.யில் படிப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் கல்லூரிப் பிள்ளைகளையே நிருபர்களாக்கியது!

இன்னொன்று தெரியுமா? நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து உதவித்தொகையோடு நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுத் திட்டத்துக்கு மாணவர்கள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம்!