58 வயதில் டீச்சர் வேலை, 60-ல் ரிட்டையர்டு!
பெரம்பலூர், அரியலூர் பட்டதாரிகள் தவிப்பு

அரியலூர்:- ஆசிரியர் பயிற்சியும் பி.எட்.டும் முடித்துவிட்டு, அரசுப் பள்ளி வேலைக்காகக் காத்துக் கிடப்பவர்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஏராளம். சென்னையோ, திருப்பூரோ, எந்த ஊர் பள்ளியில் போட்டாலும் மூட்டையைக் கட்டத் தயார். வேலைதான் வரக்காணோம்!

முன்பெல்லாம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைப்பார்கள். சீனியாரிட்டி வந்தால் வேலை. 2011 நவம்பரில் 'டெட்' என்கிற தகுதித் தேர்வு வந்தது. கதை மாறிப்போச்சு.

2,448 பேர்தான் பாஸ்

முதல் பரீட்சை 2012 ஜூலை 12-ந் தேதி நடந்தது. எழுதியவர்கள் 6½ லட்சம் பேருக்கு மேல். தேறியவர்கள் வெறும் 2,448 பேர்! 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். 90 மார்க் எடுத்தால் பாஸ். கேள்வியைப் படிப்பாங்களா, விடையைக் குறிப்பாங்களா? அதே வருஷம் அக்டோபரில் மறு பரீட்சை வைத்தபோது, நேரத்தை 3 மணியாக ஆக்கினார்கள்.

பாஸ் பண்ணினால் வேலை என்று இருந்தவர்கள் தலையில் 2018-ல் அடுத்த இடி விழுந்தது. 'டெட்' தேறியவர்கள் இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று அரசாணை (எண் 149) வந்தது.

2013-ல் தேறியவர்கள், பத்து வருஷம் கழித்து 2023-ல் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் போராட்டத்தில் குதித்தார்கள். அப்போது வயது வரம்பை உயர்த்துவதாக அரசு அறிவித்தது. பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. ஓய்வு பெறும் வயதோ 60. அதாவது, 58-ல் உள்ளே போகிறவர் இரண்டே வருஷத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்!

முழிக்கும் பிள்ளைகள்

இங்கே காத்திருப்பு. அங்கே வகுப்பறையே மாறிவிட்டது. அரியலூர் சிமெண்ட் ஆலை ஊர். வடமாநிலத் தொழிலாளிகள் இங்கேயும் உண்டு. சென்னை, திருப்பூரில் கேட்கவே வேண்டாம். வீட்டில் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பிள்ளைகள் நம்ம பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். 2006-ல் வந்த சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். "புத்தகத்தை எடு" என்றால் முழிக்கிற பிள்ளைக்கு 'அ' போடச் சொல்லிக்கொடுக்கணும். 'டெட்' பரீட்சையில் குழந்தை மனோதத்துவத்துக்கு 30 கேள்வி உண்டு. ஆனால் பாஷை புரியாமல் அழும் பிள்ளையை எப்படிச் சமாதானம் செய்வது என்பதை, பக்கத்தில் உட்கார்ந்து பழகித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கொடுத்தது 2021-ல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி'. தெருவில் உள்ள பிள்ளைகளைச் சாயங்காலம் கூட்டிவைத்துப் பாடம் சொன்ன தன்னார்வலர்களுக்கு மாதம் ரூ.1,000 கொடுத்தார்கள். பஸ் செலவுக்கே பத்தாத பணம்.

2024 ஜூலை 21-ல் இடைநிலை ஆசிரியர் போட்டித் தேர்வு நடந்தது. தமிழ்நாடு முழுவதற்கும் 2,768 இடம்.

இதற்கிடையே 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. ஓய்வுக்கு 5 வருஷத்துக்கு மேல் இருக்கும் பழைய ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் 'டெட்' தேறணுமாம். இனி பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும், அவரிடம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளையும் ஒரே ஹாலில் பரீட்சை எழுதலாம்.