பக்கக் கட்டமைப்பி (வேர்ட்பிரசு)

பக்கக் கட்டமைப்பி என்பது நிரல் எழுதாமலேயே, கூறுகளைச் சுட்டியால் இழுத்து வைத்து வலைப்பக்கங்களை வடிவமைக்க உதவும் வேர்ட்பிரசு நீட்சி ஆகும். வாடிக்கையாளருக்கு இணையத்தளம் அமைக்கும்போது இதனைப் பயன்படுத்துவதா, அத்தளத்திற்கென்றே ஒரு வார்ப்புருவை நிரலாக்குவதா என்ற தெரிவு எழுகிறது. பெரும்பாலும் செலவையும் காலத்தையும் கொண்டே இது முடிவு செய்யப்படுகிறது. எனினும் பின்னாளில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது, உள்ளடக்கம் தரவுத்தளத்தில் எவ்வடிவில் சேமிக்கப்பட்டுள்ளது என்பதே.

வரலாறு

வேர்ட்பிரசு 2003 மே 27 அன்று வெளிவந்தது. வார்ப்புரு முறை 2005இல் வெளியான 1.5 பதிப்பில் அறிமுகமானது. விசுவல் கம்போசர் 2011இலும், கட்டமைப்பியுடன் கூடிய வார்ப்புருவான டிவி 2013இலும், பீவர் பில்டர் 2014இலும், எலிமென்டர் 2016இலும் வெளியாயின. இவற்றுள் விசுவல் கம்போசர் 2017இல் டபிள்யூபிபேக்கரி பேஜ் பில்டர் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சேமிக்கும் முறை

தனியாக நிரலாக்கப்பட்ட வார்ப்புருவில் தோற்றம் பி.எச்.பி, சி.எஸ்.எஸ் கோப்புகளிலும், உரை தரவுத்தளத்திலும் இருக்கும். வார்ப்புருவை மாற்றினாலும் உரை அப்படியே எஞ்சும். பக்கக் கட்டமைப்பிகளில் இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. டபிள்யூபிபேக்கரியும், 4ஆம் பதிப்பு வரையிலான டிவியும் பக்க அமைப்பைச் சதுர அடைப்புக்குறிக்குள் அமைந்த குறுங்கட்டளைகளாக உரையின் நடுவே எழுதுகின்றன. நீட்சியை நிறுத்தினால் அக்கட்டளைகள் பக்கத்தில் வெற்று எழுத்துகளாகத் தென்படும். எலிமென்டர் அமைப்பை சேசன் வடிவில் தனிப் புலம் ஒன்றில் வைக்கிறது. அதனை நிறுத்தினால் உரையும் படங்களும் எஞ்சும், வடிவமைப்பு போய்விடும். ஒரு கட்டமைப்பியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பக்கங்களைப் பெரும்பாலும் கையால் மீண்டும் அமைக்க வேண்டியுள்ளது. ஐந்து பக்கத் தளத்திற்கு இது ஒரு நாள் வேலை. ஐந்நூறு பக்கத் தளத்தின் உரிமையாளருக்கோ, தம் சொந்த உள்ளடக்கமே பிணையாகிவிடுகிறது எனலாம்.

தனி வார்ப்புருவின் இடர்கள்

தனி வார்ப்புருவும் இச்சிக்கலிலிருந்து முற்றிலும் விடுபட்டதன்று. நிகழ்ச்சிகள், பொருட்கள் போன்ற தனி உள்ளடக்க வகைகளை வார்ப்புருவின் நிரலிலேயே பதிவு செய்துவிட்டால், வார்ப்புருவை மாற்றிய உடனே அவை மேலாண்மைப் பக்கத்திலிருந்து மறைந்துவிடும் (தரவுத்தளத்தில் இருக்கும், உரிமையாளருக்கு அது தெரியாது). அவ்வகைகளைத் தனி நீட்சியில் பதிவு செய்வதே நல்ல வழக்கம். மேலும், எழுதியவர் விலகிய பின் ஒரு சிறு மாற்றத்திற்கும் பி.எச்.பி அறிந்த ஒருவரைத் தேட வேண்டும். தம் பக்கங்களைத் தாமே அடிக்கடி மாற்றும் சிறு வணிகருக்குக் கட்டமைப்பி பொருந்துவது இதனால்தான்.

வேகம்

கட்டமைப்பிகள் ஒவ்வொரு கூறையும் பல அடுக்கு உறைகளுக்குள் வைப்பதால் பக்கத்தின் எடை கூடுகிறது. இதனைக் குறைக்கும் நோக்கில் எலிமென்டர் 2022இல் புதிய கொள்கலன் முறையைச் சோதனை நிலையில் அறிமுகப்படுத்தியது.

கட்டத் திருத்தி

2018 டிசம்பரில் வெளியான 5.0 பதிப்பு முதல், குட்டன்பெர்க் எனப்படும் கட்டத் திருத்தி வேர்ட்பிரசின் உள்ளேயே அமைந்துள்ளது. 2022 சனவரியில் வந்த 5.9 பதிப்பு முதல் தலைப்பகுதி, அடிப்பகுதி ஆகியவற்றையும் கட்டங்களால் அமைக்கலாம். இது உள்ளடக்கத்தை இயல்பான எச்.டி.எம்.எல் ஆகவும், கட்டங்களின் எல்லைகளைக் கருத்துக் குறிப்புகளாகவும் சேமிக்கிறது. அக்குறிப்புகளை உலாவிகள் காட்டுவதில்லை.