இந்த வாரம் வருமா, வராதா?

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு வகை நிகழ்ச்சி உண்டு. நான்கைந்து நகைச்சுவைக் கலைஞர்கள் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். நடுவில் இருப்பவர் கேள்வி கேட்பார். மதிப்பெண்ணும் போடுவார்கள், யார் ஜெயித்தார் என்பது மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. பேச்சுதான் அங்கே சரக்கு. 1990-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ’ இன்னும் ஓடுகிறது. 2003 செப்டம்பரில் பிபிசி டூவில் தொடங்கிய ‘க்யூஐ’யும் இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ‘பிளாக்ஆடர்’ தொடரைத் தயாரித்த ஜான் லாயிட் உருவாக்கிய நிகழ்ச்சி இது. முதல் பதின்மூன்று தொடர்களை ஸ்டீபன் ஃபிரை நடத்தினார். 2016 முதல் சாண்டி டோக்ஸ்விக் நடத்துகிறார். எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் தவறான பதிலைச் சொன்னால் சைரன் அலறும், மதிப்பெண் குறையும். நிரந்தரப் பங்கேற்பாளர் ஆலன் டேவிஸ்தான் அந்தச் சைரனிடம் அதிகம் மாட்டுபவர். இந்த நிகழ்ச்சியை நேசிப்பவர்கள் பல ஆண்டுகளாகக் கவலைப்படுவது அதன் நகைச்சுவையைப் பற்றி அல்ல. எந்தச் சேனலில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், நடுவில் நின்றால் மறுபடி எப்போது என்பதுதான் அவர்கள் கவலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தன் ரசிகர்களுக்கு ஒரு சேனல் சொல்லக்கூடிய மிக முக்கியமான செய்தி ஒளிபரப்பு அட்டவணைதான். அந்தச் செய்தியைக் குழப்பமாகச் சொன்னால் கவலைப்படுவது அவர்கள் உரிமை.

காரணம், இந்த வகை நிகழ்ச்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. நாடகத் தொடருக்குக் கதை உண்டு. கதைக்கு முடிவு உண்டு. கொலைகாரன் பிடிபட்டால் தொடர் முடிந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியும். மேசையைச் சுற்றிப் பேசும் நிகழ்ச்சிக்கு இயல்பான முடிவு கிடையாது. அது முடிவதில்லை, நிறுத்தப்படுகிறது. 1996 முதல் பிபிசி டூவில் ஓடிய ‘நெவர் மைண்ட் த பஸ்காக்ஸ்’ 2015-ல் நிறுத்தப்பட்டது. பிறகு 2021-ல் ஸ்கை அதற்கு மறுவாழ்வு தந்தது. 2005-ல் ஆரம்பித்த ‘மாக் த வீக்’ 2022-ல் நிறுத்தப்பட்டது. புதிய நிகழ்ச்சிகளுக்கு இடம் வேண்டும் என்றது பிபிசி. அந்த நிகழ்ச்சிகளுக்குள் தேடினால் முடிவுக்கான எந்த அறிகுறியும் கிடைக்காது. அதனால்தான் நேரம் பின்னால் தள்ளப்படுவதையும், சொல்லாமல் ஒரு வாரம் விடுபடுவதையும், தொடர் பாதியில் நிற்பதையும் ரசிகர்கள் உற்றுப் பார்க்கிறார்கள். எல்லா முறையும் அவர்கள் ஊகம் சரியாக இருப்பதில்லை. ஆனாலும் அவர்கள் கையில் இருக்கும் ஒரே தடயம் அதுதான்.

‘க்யூஐ’ பயணித்த பாதையைப் பார்த்தால் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று புரியும். ஆரம்ப ஆண்டுகளில் பிபிசி டூவில் இந்த வார எபிசோட் முடிந்தவுடன் அடுத்த வார எபிசோடை பிபிசி ஃபோரில் முன்கூட்டியே பார்க்க முடிந்தது. 2009-ல் நிகழ்ச்சி பிபிசி ஒன்னுக்குப் போனது. பெரிய சேனல், பெரிய கூட்டம். அது பதவி உயர்வுதான். அதே காலத்தில் ‘க்யூஐ எக்ஸ்எல்’ என்ற முக்கால் மணி நேர வடிவமும் பிறந்து, பிபிசி டூவில் தனியாக ஒளிபரப்பானது. அரை மணி நேர வடிவம் ஒரு சேனலில், முழு வடிவம் வேறு நாளில் வேறு சேனலில். முதலில் குறுகியதைப் பார்ப்பதா, முழுமையானதுக்குக் காத்திருப்பதா என்ற கேள்வி அன்று ஆரம்பித்தது. 2011-ல் நிகழ்ச்சி மறுபடி பிபிசி டூவுக்கே திரும்பியது. இதில் எந்த ஒரு மாற்றமும் தன்னளவில் தவறில்லை. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்போது, பார்ப்பவரின் வாரத்தில் அந்த நிகழ்ச்சிக்கு இருந்த நிலையான இடம் கரைந்துவிடுகிறது. கதை இல்லாத நிகழ்ச்சியை மறுவாரமும் தேடி வரவைப்பது பழக்கம் மட்டுமே. அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பு அங்கே இல்லை. பழக்கம் அறுந்தால் அதன் இடத்தில் வைக்க வேறொன்றும் கிடையாது.

மாற்றத்தையே ரசிகர்கள் வெறுக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ‘டாஸ்க்மாஸ்டர்’ இதற்கு நல்ல சான்று. 2015-ல் டேவ் என்ற சிறிய சேனலில் தொடங்கி, 2020-ல் சேனல் ஃபோருக்கு மாறியது. மாறும்போது பதற்றம் இருந்தது. ஆனால் சேனல் ஃபோர் ஆண்டுக்கு இரண்டு தொடர் என்று ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு வாரம் தவறாமல் கொடுத்தது. பதற்றம் அடங்கியது, நிகழ்ச்சி இன்னும் பெரிதானது. ‘ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ’வும் 2000-ல் பிபிசி டூவிலிருந்து பிபிசி ஒன்னுக்கு மாறியதுதான். வசந்தத்தில் ஒரு தொடர், இலையுதிர் காலத்தில் ஒரு தொடர் என்று அங்கே வேரூன்றிவிட்டது. சேனல் மாறினால் ரசிகர்கள் பின்னாலேயே வருவார்கள். எங்கே போவது என்று சொல்லாவிட்டால்தான் வரமாட்டார்கள்.

இதற்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக வரும். கதை இல்லாத நிகழ்ச்சியை எந்த வரிசையில் போட்டால் என்ன என்பது முதலாவது. வரிசைக்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை என்பதை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘க்யூஐ’ பல மாதங்களுக்கு முன்பே பதிவாகும் நிகழ்ச்சி. தாமதம் கூடக்கூட, மேசையில் பேசப்படும் நடப்புச் செய்தியின் வாசனை போய்விடுகிறது. டிசம்பருக்கென்றே எடுத்த கிறிஸ்துமஸ் எபிசோட் பனிக்காலம் கழிந்து வந்தால் பாதிச் சிரிப்பு வீண்.

இரண்டாவது மறுப்பு கனமானது. 2007 கிறிஸ்துமஸ் அன்று பிபிசியின் இணையத் தளமான ஐபிளேயர் முழு அளவில் அறிமுகமானது. நினைத்த நேரத்தில் பார்க்கலாம் என்கிறபோது எத்தனை மணிக்கு என்ற கேள்வியே பழையதாகிவிட்டது என்பார்கள். மணி பற்றிய கவலைக்கு இது நியாயமான பதில்தான். நாள் பற்றிய கவலைக்கு இது பதிலாகாது. புதிய எபிசோட் அங்கே எப்போது ஏறும் என்பதையும் பெரும்பாலும் அதே அட்டவணைதான் தீர்மானிக்கிறது. இன்னொரு கோணமும் இருக்கிறது. டேவ் சேனல் ‘க்யூஐ’யின் பழைய எபிசோடுகளை ஆண்டுக்கணக்காக நாள்தோறும் சுழற்றிக்கொண்டிருந்தது. எப்போதும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி அது. மறுஒளிபரப்பு இப்படிக் குவிந்திருக்கும்போது, புதிய தொடர் தொடங்கியதே பலருக்குத் தெரியாமல் போகிறது. தேடிப் பார்க்கும் வசதி, தேட வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே உதவும். பார்வையாளர் எண்ணிக்கை அதனால் குறைந்தால், ஆர்வம் குறைந்துவிட்டது என்று கணக்கு எழுதப்படும் அபாயமும் இருக்கிறது. ரசிகர்களின் அச்சம் உண்மையில் இங்கேதான் குவிகிறது, அதை நானும் பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்றாவது மறுப்பு, பொது ஒளிபரப்பாளருக்கு வேறு கடமைகளும் உண்டு என்பது. உண்மை. ஸ்னூக்கர் உலகச் சாம்பியன்ஷிப்பும் விம்பிள்டனும் பிபிசி டூவின் மாலைகளை எடுத்துக்கொள்கின்றன; அவற்றைப் பார்ப்பவர்களும் பிபிசிக்கான உரிமக் கட்டணம் கட்டுபவர்கள்தான். 2019 மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், ஒரு கட்சித் தலைவர் பங்கேற்ற ‘ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ’ எபிசோடை பிபிசி கடைசி நேரத்தில் நிறுத்தியது. ரசிகர்கள் ஏமாந்தார்கள். ஆனால் தேர்தல் நடுநிலை காரணமென்று நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது, காரணத்தை விவாதிக்கவும் முடிந்தது. காரணம் சொல்லப்படும் தள்ளிவைப்பு வேறு, தேதியே தெரியாமல் விடும் இடைவெளி வேறு. பணத்தைக் காரணம் காட்டினாலும் இதே பதில்தான். 2022-ல் உரிமக் கட்டணம் இரண்டு ஆண்டுகளுக்கு 159 பவுண்டில் நிறுத்திவைக்கப்பட்டது. புதிய நிகழ்ச்சிகளை எல்லா மாதங்களுக்கும் பங்கிட்டுப் பரப்ப வேண்டிய நெருக்கடி புரிகிறது. ஆனால் ஸ்னூக்கர் போட்டிகளின் தேதிகள் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்தவை. இந்த வாரத்தோடு நிறுத்துகிறோம், மறுபடி இந்த மாதம் வருகிறோம் என்று எபிசோடின் முடிவில் ஒரு வரி போடச் செலவு எதுவும் இல்லை.

‘க்யூஐ’ விஷயத்தில் இது கூடுதலாக முக்கியம். ஆங்கில அகரவரிசையில் தொடருக்கு ஓர் எழுத்து என்று போகும் நிகழ்ச்சி அது. 2003-ல் ‘ஏ’, 2024-ல் ‘வி’. கொரோனா ஆண்டுகளைக் கடந்தும் ஆண்டுக்கு ஓர் எழுத்து என்ற கணக்கு தப்பவில்லை. இந்த வகை நிகழ்ச்சிகளில் தன் முடிவைத் தானே முன்கூட்டி அறிவித்துக்கொண்ட அபூர்வம் இது: ‘இசட்’ வந்தால் வட்டம் நிறைவு. முதல் எழுத்திலிருந்து கூடவே வந்தவர்கள் கடைசி எழுத்துவரை வர விரும்புகிறார்கள். ‘வி’க்குப் பிறகு நான்கே எழுத்துகள். அவற்றில் மீதமிருக்கும் ஒவ்வொரு தொடருக்கும் முதல் எபிசோடுக்கு முன்பே கிழமை, நேரம், எபிசோடுகளின் எண்ணிக்கை, இடைவெளி வரும் வாரங்கள், எக்ஸ்எல் வடிவம் வரும் நாள் எல்லாவற்றையும் பிபிசி ஒரே பட்டியலாக வெளியிட வேண்டும். மாற்ற நேர்ந்தால் காரணத்தோடு மாற்றட்டும், ரசிகர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.