காதுக்கு எட்ட வேண்டிய காரைக்கால்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சிற்றூர்கள் சில, தங்கள் கதைகளை உள்ளூர்க்காரர்களின் குரலிலேயே பதிவுசெய்து வைத்திருக்கின்றன. வழிப்போக்கர் கைபேசியைத் தட்டிவிட்டு நடந்தால், எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடத்தின் கதை காதில் ஒலிக்கும். நம் சுற்றுலா அமைச்சகமும் 2019 இறுதியில் ‘ஆடியோ ஒடிகோஸ்’ என்ற ஒலிவழிகாட்டியைத் தொடங்கியது; ஆனால் அது பெயர்பெற்ற சின்னங்களுக்கானது. காரைக்காலுக்கு ஏற்றது அந்தச் சிற்றூர்களின் வழிதான். இங்கே கண்ணுக்குத் தெரிவதைவிட, சொல்லித் தெரிய வேண்டியதே அதிகம்.

1739-இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற ஊர் இது. இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த காலம் போக, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சிதான். ஆனாலும் புதுச்சேரியைப் போல வரிசையாகப் படமெடுக்க இங்கே பிரெஞ்சு வீதிகள் இல்லை. ஊரைக் கடந்த மிகப் பெரிய நிகழ்வுக்கோ கட்டடச் சாட்சி என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்த ஏழைகள். அவர்களுடைய சந்ததியினர் அந்தத் தீவுகளில் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். ஆனால் அரசலாற்று முகத்துவாரத்தில் நிற்பவருக்குப் படகும் மணலும்தான் தெரியும். அதே கரையில் 2004 டிசம்பர் 26-இல் சுனாமி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. பட்டினச்சேரியிலோ கிளிஞ்சல்மேட்டிலோ அன்று கடலைப் பார்த்தவர் சொல்வதைக் கேட்பதற்கு எந்தக் கல்வெட்டும் ஈடாகாது.

நடந்தபடி கதை கேட்பது இந்த ஊருக்குப் புதிதுமல்ல. ஆனிப் பௌர்ணமியையொட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் காரைக்கால் அம்மையாரின் வாழ்க்கையே வீதிக்கு வருகிறது. திருக்கல்யாணம் நடக்கிறது, பிச்சாண்டவர் உலா வருகிறார், வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைக்கிறார்கள். பெரியபுராணத்தைப் படிக்காதவரும் அந்தக் கூட்டத்தோடு நடந்தே, புனிதவதியாகப் பிறந்த அந்த அம்மையாரின் கதையை அறிந்துகொள்கிறார். மற்ற நாட்களில் அதே வீதியில் நடப்பவருக்கு ஒரு குரல் துணை வந்தால் போதும்.

கதைகளைப் பதிவுசெய்தால் கட்டுக்கதை வரலாறாகிவிடும் என்று சிலர் அஞ்சலாம். அஞ்ச வேண்டியதுதான். காளமேகப் புலவர் வசைபாடித் திருமலைராயன்பட்டினம் மண்மூடியது என்பது ஊர் சொல்லும் கதை. கூலிக்கப்பல்கள் போனது ஆவணமுள்ள வரலாறு. இரண்டையும் ஒரே தொனியில் சொல்லக் கூடாது. சொல்பவர் யார், எங்கிருந்து கேட்டார் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். திருநள்ளாற்றில் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்புகிறவர்கள் இதையெல்லாம் எங்கே கேட்கப் போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. அத்தனை பேரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இப்படி ஓர் ஊர் இருக்கிறது என்று தெரிந்தால்தானே ஒருவராவது வருவார்? அதோடு, இது வெளியூர்க்காரருக்கு மட்டுமானதும் அல்ல. மஸ்தான் சாகிப் தர்காவையும் தேற்றரவு அன்னை ஆலயத்தையும் தினமும் கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கே முதலில் வேண்டும், அதுவும் காரைக்கால் பேச்சுத் தமிழில். பிரெஞ்சும் ஆங்கிலமும் பிறகு வரலாம். செயலியை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், குரல்களுக்கு அந்த அவகாசம் இல்லை. 1954-இல் பதினைந்து வயதில் கொடி மாறியதைப் பார்த்தவருக்கு இன்று எண்பத்தைந்து தாண்டிவிட்டது.