அமெரிக்க வெள்ளியும் பினாங்கு 'வெள்ளி'யும்

மலேசியத் தமிழர் இன்றும் ஒரு பொருளின் விலையைப் 'பத்து வெள்ளி', 'இருபது வெள்ளி' என்றே சொல்கின்றனர். கையில் இருப்பது காகித நோட்டுதான் என்றாலும் பேச்சில் வெள்ளி உலோகம் உயிரோடு இருக்கிறது. 1975 முதல் நாட்டின் பணத்துக்கு அதிகாரப்பூர்வப் பெயராக இருக்கும் 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லுக்கோ பல்பல்லாக வெட்டப்பட்ட விளிம்பு என்பது பொருள். இவ்விரண்டு பெயர்களும் ஒரே நாணயத்தைப் பார்த்து வைக்கப்பட்டவை. மெக்சிகோவிலும் பெருவிலும் தோண்டியெடுத்த வெள்ளியில் அடிக்கப்பட்டு, விளிம்பில் செதுக்கு வேலைப்பாட்டுடன் கடல் கடந்து வந்த ஸ்பானிய டாலரே அந்த நாணயம். ஆகவே பழைய அமெரிக்க வெள்ளிக்காசுகளைச் சேர்ப்பது அமெரிக்கச் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. பினாங்கில் வாழும் ஒருவருக்கு அது சொந்த ஊரின் வரலாற்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் வழியாகும்.

ஸ்பானிய டாலர் என்பது எட்டு 'ரியால்' மதிப்புள்ள பெரிய வெள்ளிக்காசு. அதன் எடை ஏறத்தாழ 27 கிராம். மெக்சிகோ நகரில் 1535இல் ஸ்பானிய அரசு நிறுவிய அக்கசாலையும், பின்னர் லிமா, பொட்டோசி ஆகிய இடங்களில் எழுந்த அக்கசாலைகளும் இக்காசைக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளின. தொடக்க காலத்துக் காசுகள் வெள்ளிக் கட்டியை வெட்டிச் சம்மட்டியால் அடித்தவை என்பதால் வடிவம் கோணலாக இருக்கும். 1732இல் மெக்சிகோ அக்கசாலை இயந்திர அச்சுக்கு மாறியபோதுதான் வட்டம் திருத்தமாகி, விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுவோரைத் தடுக்கும் வேலைப்பாடும் அமைந்தது. அவ்வாண்டு முதல் 1772 வரை அடிக்கப்பட்ட காசில் கடலலைகளின் மேல் இரண்டு உலக உருண்டைகளும், அவற்றின் இருபுறமும் முடி சூடிய இரண்டு தூண்களும் நிற்கின்றன. அத்தூண்களைப் பீரங்கிகள் என்று கண்ட மலாய் மக்கள் அதற்கு 'ரிங்கிட் மெரியாம்', அதாவது பீரங்கி வெள்ளி என்று பெயரிட்டனர். பின்னாளில் கழுகு பொறித்து வந்த மெக்சிகோ டாலர் 'ரிங்கிட் பூரோங்' என்னும் பறவை வெள்ளியானது. சூலம் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா உருவம் கொண்ட பிரிட்டிஷ் வணிக டாலர் 'ரிங்கிட் தொங்காட்', அதாவது கைத்தடி வெள்ளி ஆனது. காசின் மேல் லத்தீன் எழுத்தில் இருந்த வாசகத்தைப் படிக்கத் தெரியாத மக்கள் படத்தைப் பார்த்தே அதன் வகையைப் பிரித்தறிந்தனர் என்பதற்கு இப்பெயர்களை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இக்காசு கிழக்கே வர இரு வழிகள் இருந்தன. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு ஆண்டுதோறும் சென்ற ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக் பெருங்கடலைக் கடந்து வெள்ளியைக் கொண்டுவர, ஐரோப்பியக் கும்பினியார் ஆப்பிரிக்காவைச் சுற்றி அதே வெள்ளியை இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏற்றி வந்தனர். இரு வழிகளும் கூடும் மலாக்கா நீரிணையின் வடவாயிலில் 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் பிரிட்டிஷ் கொடியை ஏற்றியபோது, அத்தீவின் வாணிகம் டாலரில்தான் நடக்கும் என்பது ஏறத்தாழ முன்பே முடிவாகியிருந்தது. காட்டை விரைவாக வெட்டச் செய்வதற்காக லைட் வெள்ளிக்காசுகளைப் பீரங்கியில் இட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஊரார் சொல்லும் கதையை வரலாற்று உண்மையாகக் கொள்ள முடியாது. ஆயினும் பினாங்கின் பிறப்பை மக்கள் டாலரோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை அக்கதை காட்டுகிறது.

பெரிய காசு இருந்தாலும் சில்லறை வேண்டுமல்லவா? அதற்காகக் கிழக்கிந்தியக் கும்பினி, அரை டாலர், கால் டாலர், டாலரில் பத்தில் ஒரு பங்கு என்ற மூன்று வெள்ளிக்காசுகளை 1788ஆம் ஆண்டு பொறித்து வெளியிட்டது. ஒரு பக்கத்தில் கும்பினியின் சரக்கு மூட்டைகளில் குத்தப்படும் இதய வடிவ முத்திரையும், மறுபக்கத்தில் தீவின் அன்றைய பெயரான 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்பது அரபு எழுத்திலும் காணப்படும். பினாங்கின் பெயரில் வெளிவந்த இந்தத் தொடக்க கால வெள்ளி, ஸ்பானிய டாலரைப் பகுத்து எண்ணும் அலகிலேயே அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கல்கத்தா அரசாங்கம் ரூபாயைச் சட்டப்படியான நாணயமாக்கப் பின்னர் முயன்றபோதும் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வணிகர்கள் டாலரை விடவில்லை. 1867 ஏப்ரல் 1 அன்று அக்குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்த பிறகு டாலரே நிலைபெற்றது.

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் துறைகளிலிருந்து துணி ஏற்றி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கைகளிலும், பின்னாளில் பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்துக் கடன் கொடுத்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பெட்டிகளிலும் இந்த வெள்ளி புரண்டது. ஸ்பானிய டாலர் சோழமண்டலக் கரைக்கும் பெருமளவில் போய்ச் சேர்ந்தது. அதன் அழியாத சாட்சி சென்னை அக்கசாலை 1807 முதல் வெளியிட்ட அரை வராகன் என்னும் வெள்ளிக்காசு. ஒரு பக்கத்தில் விண்மீன்கள் சூழ்ந்த கோபுரமும் மறுபக்கத்தில் திருமாலும் அமைந்து, தமிழ், தெலுங்கு எழுத்துகளும் பொறிக்கப்பட்ட இக்காசுகளில் பல, புதிதாக உருக்கிய வெள்ளியில் செய்யப்பட்டவை அல்ல. ஸ்பானிய டாலரை அளவு குறைத்து அதன் மேலேயே புது அச்சை அடித்திருக்கிறார்கள். அச்சு அழுத்தமாக விழாத இடங்களில் பழைய ஸ்பானிய எழுத்துகளும் உருவங்களும் மங்கலாக எட்டிப் பார்க்கின்றன. அமெரிக்கச் சுரங்கத்து வெள்ளியில், ஸ்பானிய அரசனின் அடையாளத்தின் மேல், தமிழ் எழுத்து ஏறியிருக்கும் இந்தக் காசு தமிழ்ச் சேகரிப்பாளர் ஒருவருக்கு எந்த அரிய அமெரிக்க டாலரையும் விட உயர்ந்த பொருளாகத் தோன்ற வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் டாலரும் இதே ஸ்பானியக் காசின் வழித்தோன்றல்தான். 1792 ஏப்ரல் 2 அன்று நிறைவேறிய நாணயச் சட்டம், புழக்கத்தில் தேய்ந்திருந்த ஸ்பானிய டாலரில் சராசரியாக எவ்வளவு வெள்ளி இருந்ததோ அதையே தன் டாலருக்கு அளவாகக் கொண்டது. 1794 அக்டோபர் 15 அன்று பிலடெல்பியா அக்கசாலையில் அடித்து வழங்கப்பட்டவை 1,758 மட்டுமே. விரிந்த கூந்தலுடைய பெண்ணாகச் சுதந்திரத்தை உருவகித்த அக்காசுகளில் ஒன்று 2013இல் ஏலத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் விலைபோயிற்று. அதனினும் புகழ்பெற்ற '1804 டாலர்' உண்மையில் 1804இல் அடிக்கப்படவே இல்லை. ஆசிய அரசர்களுக்கு அன்பளிப்பாக அளிப்பதற்காக 1834இல் பழைய ஆண்டைப் பொறித்து உருவாக்கப்பட்ட அக்காசு அடங்கிய பெட்டிகளை எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் கப்பலில் கொண்டுவந்து, ஒன்றை மஸ்கட் சுல்தானுக்கும் மற்றொன்றை 1836இல் பினாங்கின் அண்டை நாடான சயாம் மன்னருக்கும் அளித்தார். பின்னர் அடித்தவற்றையும் சேர்த்து நெடுங்காலம் அறியப்பட்டிருந்த 1804 டாலர்கள் பதினைந்துதான்.

இவையெல்லாம் சாதாரண மனிதரின் கைக்கு எட்டாதவை. எட்டக்கூடியவை மெக்சிகோ அக்கசாலையின் பிற்கால டாலர்களும், கிழக்கத்திய வாணிகத்துக்கென்றே அமெரிக்கா 1873 முதல் 1878 வரை புழக்கத்துக்கு வெளியிட்ட 'வணிக டாலர்' என்னும் காசும் ஆகும். இக்காசுகளில் பலவற்றின் முகத்தில் சிறு சிறு சீன எழுத்துக் குத்துகள் இருக்கும். காசைச் சோதித்து ஏற்றுக்கொண்ட கடைக்காரரோ நோட்டக்காரரோ 'வெள்ளி சரியானது, நான் பொறுப்பு' என்று உறுதி தரும் வகையில் குத்திய சாப்பா அது. நோட்டக்காரர் என்பவர் காசைச் சுண்டி ஓசை கேட்டும், நிறுத்தும், நிறம் பார்த்தும் நல்லதையும் கள்ளத்தையும் பிரிப்பவர். மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் நெடுங்காலம் சாப்பா குத்திய காசைப் பழுதுபட்டதென்று தள்ளி, அச்சுக் குலையாத காசையே நாடினர். அந்த அளவுகோல் பினாங்குக்குப் பொருந்தாது. குத்தில்லாத காசு பெட்டியில் உறங்கிய காசு, குத்துள்ளதே கடைத்தெருவில் உழைத்த காசு. இன்று சாப்பா காசுகளுக்கென்றே தனிச் சேகரிப்பாளர்களும் ஆய்வு நூல்களும் தோன்றியிருப்பது காலந்தாழ்ந்து வந்த நீதியே.

கள்ளக் காசு பற்றிய எச்சரிக்கையும் இங்கே அவசியம். பினாங்கின் லோரோங் கூலிட் போன்ற பழம்பொருள் சந்தைகளில் அமெரிக்க வணிக டாலர் என்ற பெயரில் மலிவாக யாரேனும் நீட்டினால் முதலில் எடையைப் பார்க்க வேண்டும். உண்மையான வணிக டாலரின் எடை 27.22 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. தேய்மானம் சிறிது எடை குறைக்கலாம், ஆனால் நான்கைந்து கிராம் குறையாது. காந்தத்தில் ஒட்டினால் அது நிச்சயமாகப் போலி, ஒட்டாதது மட்டுமே அசல் என்பதற்குச் சான்றாகாது. 1772க்குப் பின் வந்த ஸ்பானிய டாலரின் விளிம்பில் வட்டமும் நீள்சதுரமும் மாறி மாறி வரும். போலி செய்வோர் முகத்தில் காட்டும் கவனத்தை விளிம்பில் காட்டுவது அரிது என்பதால் விளிம்பைத் திருப்பிப் பார்ப்பது பயனுள்ள பழக்கம். சாப்பா குத்துகளையும் போலியாக இடுகிறார்கள், ஆகவே குத்து இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

நீரிணைக் குடியேற்றங்களின் அரசு 1903இல் தனக்கென ஒரு டாலரைப் பம்பாய் அக்கசாலையில் அடிக்கச் செய்து, மறு ஆண்டு மெக்சிகோ டாலரையும் பிரிட்டிஷ் வணிக டாலரையும் செல்லாதவையாக்கியது. மூட்டை மூட்டையாகச் சேர்க்கப்பட்ட பழைய வெள்ளி உருக்கப்பட்டுப் புதுக் காசாயிற்று. தப்பியவை வளையம் ஒட்டி நகையாக்கிய காசாகவும், பூசைப் பெட்டியில் போட்டு வைத்த காசாகவும், பாட்டியின் சுருக்குப்பையில் கிடந்த காசாகவும் பினாங்குக் குடும்பங்களில் எஞ்சின. அத்தகைய காசு வீட்டில் இருந்தால் அதைத் திருநீறாலும் புளியாலும் துலக்கிவிடாதீர்கள், ஏனெனில் துலக்கும்போது நூற்றாண்டுகளாகப் படிந்த கருமை மட்டுமன்றி அச்சின் நுண்ணிய வரிகளும் போய்விடுகின்றன. அமிலமற்ற காகித உறையில் இட்டு, அது யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து வீட்டுக்கு வந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, அந்தச் சீட்டையும் காசோடு சேர்த்து வையுங்கள்.