உங்களுக்குத் தெரியுமா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் என மூன்று நாட்டு நீர்மூழ்கிகளையும் மூழ்கடித்ததில் பங்குபெற்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் 'பெட்டார்ட்'.

1942 அக்டோபர் 30 இரவு, எகிப்துக்கு வடக்கே கடலில், அடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி யு-559 மூழ்கிக்கொண்டிருந்தது. பெட்டார்டின் வீரர்கள் டோனி ஃபாசனும் காலின் கிரேசியரும் அதற்குள் இறங்கினார்கள். தண்ணீர் ஏற ஏற, சங்கேதப் புத்தகங்களை எடுத்து மேலே கொடுத்தார்கள். ஏணியில் நின்று வாங்கியவன் டாமி பிரவுன், கப்பல் கேன்டீன் பையன். வயது 16தான், கடலுக்கு வர வயதைக் கூட்டிச் சொல்லியிருந்தான்! நீர்மூழ்கி சட்டென்று அமிழ்ந்தது. பிரவுன் தப்பினான். மற்ற இருவரும் மேலே வரவில்லை. அவர்கள் மீட்ட காகிதங்களைக் கொண்டுதான் பிரிட்டனின் சங்கேத முறிப்பு மையமான பிளெட்ச்லி பார்க் நிபுணர்கள் மாதக்கணக்கில் பிடிபடாத ஜெர்மன் நீர்மூழ்கிகளின் எனிக்மா சங்கேதத்தை அந்த டிசம்பரில் உடைத்தார்கள்.

அதே டிசம்பரில் மால்டா அருகே இத்தாலியின் 'உவார்ஷியெக்' நீர்மூழ்கி பெட்டார்டிடம் சிக்கியது.

1944 பிப்ரவரி 12இல் நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. கொழும்பு நோக்கி வந்த 'கெடிவ் இஸ்மாயில்' கப்பலை மாலத்தீவு அருகே ஜப்பானின் ஐ-27 நீர்மூழ்கி தகர்த்தது. இறந்தவர்கள் சுமார் 1,300 பேர். எதிரி கீழேதான் பதுங்கியிருந்தது. ஆட்கள் நீந்திக்கொண்டிருந்த கடலிலேயே, காவலுக்கு வந்த பெட்டார்ட் வெடிகுண்டுகளை இறக்க வேண்டியதாயிற்று. கடைசியில், பெட்டார்ட் ஏவிய ஏழாவது டார்பிடோ ஐ-27ஐப் பிளந்தது.

போருக்குப் பின் ஃபிரிகேட்டாக மாற்றப்பட்ட பெட்டார்ட், 1967இல் உடைக்கப்பட்டது.