பாதித் தூரம் வீட்டுக்குள்ளேயே

அஸ்தினாபுரத்திலிருந்து ராஜேந்திர பிரசாத் சாலையைப் பிடித்து ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்துசேர காலையில் எவ்வளவு நேரமாகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் பெருமூச்சுதான் பதில். ஆனால் பக்கவாதம் வந்தவருடைய பொன்னான நேரத்தைத் தின்பது குரோம்பேட்டை நெரிசல் மட்டுமல்ல. “வாய் லேசா கோணுது, வாயுவா இருக்கும். கொஞ்சம் படுத்து எந்திரிச்சா சரியாயிடும்” என்று வீட்டுக்குள்ளேயே பாதி நேரம் கரைந்துவிடுகிறது.

இதற்கு வீட்டாரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மாரடைப்பு வலிக்கும், வலித்தால் ஓடுகிறோம். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்படும்போது பெரும்பாலும் வலியே இருக்காது. போதாக்குறைக்கு, வலப்பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்குத் தன் இடது கை விழுந்துவிட்டதே தெரியாது. “எனக்கு ஒண்ணுமில்லடா, ஏன் பதறுற?” என்று அவரே அதட்டுவார். நோயாளியின் வார்த்தையை நம்பக் கூடாத நோய் இது. சிரிக்கச் சொல்லுங்கள்; வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கைகளையும் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தொய்ந்து இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? திடீர்த் தள்ளாட்டமும், திடீரென்று பார்வை போவதும் இதே கணக்கில் சேரும். ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க அது போதும்.

மூளையின் பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் அமெரிக்க நரம்பியலாளர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறோம். இரவு பத்துக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர் காலை ஆறுக்குக் கை தூக்க முடியாமல் எழுந்தால், மருத்துவர் கணக்கில் அது பத்து மணி. அதனால் “கடைசியா எப்ப நல்லா இருந்தார்?” என்பதற்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்தவர் ஆம்புலன்ஸில் கூடவே ஏற வேண்டும். நேரம் தாண்டிவிட்டது என்று கைவிடவும் தேவையில்லை. தொடை வழியே குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பலன் தருகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

ஊசிக்கு முன்னால் சி.டி. ஸ்கேன் கட்டாயம். அடைப்பா, குழாய் வெடித்து ரத்தக்கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கசிவு என்றால் அந்த ஊசியே உயிரை எடுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நீட்டும் ஆஸ்பிரின் வேண்டாம் என்பதும் இதனால்தான். காபியும் வேண்டாம்; விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். இரவு இரண்டு மணிக்கும் ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரி எது என்று ஒரு சாதாரண நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாடு முழுக்கப் பக்கவாதத்தைப் பற்றிப் பேசியது 1984 அக்டோபரில். சிறுநீரகக் கோளாறுக்காக அப்போலோவில் சேர்ந்திருந்த எம்.ஜி.ஆரை அங்கே பக்கவாதம் தாக்கியது. நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சை பெற்று 1985 பிப்ரவரியில் திரும்பினார், முதல்வராகவும் தொடர்ந்தார். பேச்சு மட்டும் பழையபடி தெளியவில்லை. அமெரிக்காவிலேயே கட்டி கரைக்கும் அந்த ஊசிக்குப் பக்கவாதத்துக்கான அனுமதி 1996-இல்தான் கிடைத்தது. முதலமைச்சருக்கே அன்று கிடைக்க வழியில்லாத மருந்து, இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது.

வராமல் தடுப்பதில் முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு. சர்க்கரை, புகை, சீரற்ற இதயத்துடிப்பு எல்லாம் அதற்குப் பின்னால்தான். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. “இப்ப நார்மலாயிடுச்சு” என்று நாமாகவே மாத்திரையை நிறுத்துவதைத் தடுக்கத்தான் எந்தத் திட்டமும் இல்லை. மாத்திரையால்தானே நார்மல்! உப்பை நாளைக்கு ஐந்து கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் கூடும் தட்டில் அது சுலபமல்ல.

பக்கவாதத்தில் இன்னொரு வகையும் உண்டு. பத்து நிமிடம் வாய் குழறி, கை மரத்து, தானாகவே தெளிந்துவிடும். வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு. அன்று மாலை கடைக்குக்கூடப் போய்வருவார். கட்டி வந்து அடைத்துத் தானே விலகியிருக்கிறது, அவ்வளவுதான். முழுப் பக்கவாதம் வரும் அபாயம் அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். தெளிந்துவிட்டவரையும் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும்.